ஒயில் இல்லாமல் ஓடிய எஞ்சின்

பழைய எஞ்சினுக்குள் கண்டதையும் ஊற்றக் கூடாது என்று சொல்கிறவர்களோடு நான் ஒருநாளும் வாக்குவாதப்பட்டதில்லை. நான் ஒயில் கடை வைத்திருப்பவன். யாராவது கேட்டால் எஞ்சின் கழுவுகிற மருந்துப் போத்தலை எடுத்துக் கொடுப்பேன், கேட்காவிட்டால் அது தட்டிலேயே இருக்கும். உள்ளே படிந்திருக்கும் கசடைக் கழுவினால் எஞ்சின் இன்னும் பல வருஷம் ஓடும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கசடுதான் பழைய எஞ்சினைப் பிடித்து வைத்திருக்கிறது, கழுவினால் எல்லாப் பக்கத்தாலும் ஒழுகத் தொடங்கும் என்கிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் உண்டு. நான் இரண்டு பக்கத்தையும் கேட்கிற ஆள். பொலிஸில் என்னைப் பற்றி வேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள் என்பதால் இதை முதலில் சொல்லி வைக்கிறேன்.

நீதவான் அம்மா சிங்களத்தில் கேட்கிறா, மொழிபெயர்ப்பாளர் நீங்கள் அதைத் தமிழில் கேட்கிறீர்கள். எனக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். கொழும்பில் கடை நடத்துகிறவனுக்கு அது தெரியாமல் முடியாது. ஆனாலும் இது என் தங்கச்சியைப் பற்றிய விஷயம். அதைத் தமிழில் சொல்வதுதான் முறை என்று பட்டது. யாரும் என்னை அடிக்கவில்லை, வெருட்டவில்லை. அதையும் அப்படியே சொல்லிவிடுங்கள்.

என் பெயர் ராகுலன். கொட்டாஞ்சேனையில் வீட்டின் முன்பக்கத்தையே கடையாக வைத்திருக்கிறேன். பக்கத்தில் கார் நிற்கிற அளவுக்கு ஒரு முற்றம், கடைக்குப் பின்னால் வீடு, மேலே இரண்டு அறை. அம்மா போகும்போது தங்கச்சி சுதர்சினி பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருக்கவில்லை. அப்பாவும் அதிக காலம் இருக்கவில்லை. அவளுக்குத் தலை இழுத்துப் பின்னிவிடப் பழகினது நான். அவள் பெரியபிள்ளையானபோது சாமத்திய வீட்டுக்கு யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று தனியே யோசித்ததும் நான். எனக்கு வந்த கலியாணங்களை நான் எடுத்துப் பார்க்கவும் இல்லை. அவள் ஏஎல் பரீட்சை முடித்த பிறகு கடையில் கல்லாவில் இருந்தாள். வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் அவளைப் பிடிக்கும். நான் பின்னால் நின்று ஒயில் டின் அடுக்குவேன், அவளுடைய குரல் முன்னால் கேட்டுக்கொண்டிருக்கும். அந்த வாழ்க்கையில் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு குறையும் இருக்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து கார் இறக்குவதை அரசாங்கம் நிறுத்திய காலத்தில் எங்கள் வியாபாரம் கூடியது. புதுக் கார் எடுக்க வழியில்லை. எல்லோரும் தங்கள் பழைய காரை எப்படியாவது ஓட்டிக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. கராஜுக்குப் போகப் பயந்தவர்கள் கடைக்கு வந்து, ஏதாவது ஒரு போத்தல் ஊற்றிச் சரிப்படுத்தலாமோ என்று கேட்பார்கள். எங்களிடமும் ஒரு பழைய கொரோலா இருந்தது. மூன்று லட்சம் கிலோமீற்றர் எப்போதோ தாண்டிவிட்டது. காலையில் ஸ்டார்ட் செய்தால் தகரப் பெட்டிக்குள் ஆணி குலுக்கிற மாதிரிச் சத்தம். பின்னால் நீலப் புகை. அந்த வருஷம் புகைப் பரிசோதனையில் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அந்தக் கிழமைதான் கொன்ஸ்ரன்ரைன் கடைக்கு வந்தான். மட்டக்குளியைச் சேர்ந்தவன். எஞ்சின் கழுவுகிற மருந்துகளைக் கடை கடையாக அறிமுகப்படுத்துகிற வேலை. நாற்பதைத் தாண்டியவன், நல்ல உடம்பு, வழுக்கை விழத் தொடங்கிய தலை. பையை வைத்துவிட்டு நேரே முற்றத்துக்குப் போய், கொரோலாவின் பொனற்றைத் திறந்து, ஒயில் மூடியைக் கழற்றித் திருப்பிப் பார்த்தான். உள்பக்கம் கறுப்பாகக் கட்டிப்போயிருந்தது.

"அண்ணை, இது எஞ்சின் இல்லை. சாப்பாட்டுக் கடைக்காரன் கழுவாமல் விட்ட சட்டி."

சுதர்சினி சிரித்தாள். கல்லாவில் இருந்து எழும்பி வந்து அந்த மூடியைப் பார்த்துத் திரும்பவும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் நெடுங்காலம் கேட்டிருக்கவில்லை. அது எனக்கு நினைவில் நின்றது. வேறு ஒன்றும் நான் அப்போது நினைக்கவில்லை.

ஒரு போத்தலை இலவசமாக ஊற்றிக் காட்டுகிறேன் என்றான். நான் வேண்டாம் என்றேன். சீல் எல்லாம் பழசு, ஒழுகும் என்றேன். சுதர்சினிதான், "செய்து பாப்பமே அண்ணா, எப்பிடியும் காருக்கு லைசென்ஸ் எடுக்கேலாமத்தானே கிடக்கு" என்றாள். அவன் எஞ்சினைச் சூடாக்கி, போத்தலை ஒயிலுக்குள் ஊற்றி, கார் நின்றபடியே ஓடவிட்டான். ஓடிக்கொண்டிருக்கும்போது அவளுக்கு விளக்கம் சொன்னான். மருந்து உள்ளே போய்க் கசடைக் கரைக்கும். பிறகு நிப்பாட்டி, சூடு ஆறமுதல் பழைய ஒயில் முழுவதையும் கீழாலே இறக்க வேண்டும். பில்டரையும் மாற்ற வேண்டும்.

"புது ஒயில் ஊத்தும் மட்டும் திரும்ப ஸ்டார்ட் பண்ணவே கூடாது. பண்ணினால் இரும்பும் இரும்பும் உரசி, ரெண்டு மூண்டு நிமிஷத்தில எஞ்சின் இறுகிப்போம். அதுக்குப் பிறகு பழைய இரும்புக்குத்தான் போடலாம்."

"அப்ப கார்த் திறப்பைத் தொடக்கூடாது?"

"நீங்களே வச்சிருங்கோ. அண்ணையிட்டயும் குடுக்க வேண்டாம்."

திறப்பை அவள் கையில் கொடுத்தான். நான் பக்கத்தில் நின்றேன்.

இறங்கிய ஒயில் தாரைப் போல இருந்தது. புது ஒயில் ஊற்றி ஸ்டார்ட் செய்தபோது சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. ஒழுகவில்லை. கொஞ்ச நாளில் புகையும் குறைந்தது, பரிசோதனையிலும் பாஸ் பண்ணியது. நான் நியாயமான ஆள் என்பதால் இதை ஒத்துக்கொள்கிறேன். அவன் சொன்னது சரி. கார் நன்றாகத்தான் ஓடியது. அதைத் தாங்குவது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

இங்கே றமேஷைப் பற்றியும் சொல்ல வேண்டும். பொலிஸ் அதைக் கேட்கவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைப்பது எனக்குப் பழக்கமில்லை. பல வருஷத்துக்கு முந்திய கதை. வெள்ளவத்தையில் ஒரு வங்கியில் வேலை செய்த பெடியன். சுதர்சினி கொம்பியூட்டர் வகுப்பு என்று போகும்போது இருவரும் மரைன் டிரைவில் கடலைப் பார்த்துக்கொண்டு நடப்பார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை, நானே போய்ப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஒரு பின்னேரம் அவளை பஸ் ஏற்றிவிட்டு அவன் தனியாகத் திரும்பி வந்தான். நான் காரைக் கொஞ்சம் வேகமாக எடுத்தேன். பிரேக் மிதிக்கலாம் என்று தெரிந்த இடம் வந்தது, மிதிக்கவில்லை. அவன் பொனற்றில் விழுந்து, அங்கிருந்து ரெயில் பாதைப் பக்கத்துக் கல்லில் விழுந்தான். இடுப்பு உடைந்துவிட்டது. நான்தான் அவனைத் தூக்கிப் பின் ஆசனத்தில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். வழி நெடுக அவன் கத்திக்கொண்டு வந்தான். நான் ஆறுதல் சொல்லிக்கொண்டு போனேன். விபத்து என்று எழுதினார்கள். யாரென்று தெரியாமலே ஒரு மனிதனைக் காப்பாற்றினீர்கள் என்று சுதர்சினி என் கையைப் பிடித்து அழுதாள். அவன் இப்போதும் நடக்கிறான், தடியோடு. வேறு இடத்தில் கலியாணமும் செய்துவிட்டான் என்று கேள்விப்பட்டேன். அவனுக்கு என்னால் பெரிய நஷ்டம் எதுவும் ஏற்படவில்லை.

கொன்ஸ்ரன்ரைன் மாதத்தில் ஒருமுறை வரவேண்டியவன், கிழமைக்கொருமுறை வரத் தொடங்கினான். பெற்றோலில் ஊற்றுவது, ரேடியேற்றரில் ஊற்றுவது என்று ஒவ்வொரு தடவையும் ஒரு போத்தல். கடைசியில் சுதர்சினி என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணா, எனக்கு நாப்பது தாண்டிட்டுது. நான் உங்களிட்டக் கேக்கேல்லை, சொல்லுறன். நாங்கள் கலியாணம் செய்யப்போறம்."

நான் மறுக்கவில்லை. அவன் வேதக்காரன், கிறிஸ்தவன் என்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு விஷயம்தான் கேட்டேன், இரண்டு பேரும் எங்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று. மேலே இருந்த பெரிய அறையை நானே வெள்ளை அடித்துக் கொடுத்தேன். கலியாணத்தன்று அவர்களுடைய வேதக் கோயிலில் என்னை முன் வாங்கில் இருத்தினார்கள். பக்கத்து வீட்டு சீனியம்மா, இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறவ, என்னைப் பார்த்து, "தங்கச்சிக்கு அப்பனும் ஆத்தாளுமா நின்னீங்க" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தா. நானும் துடைத்தேன். அது பொய் இல்லை.

ஒரு வருஷத்துக்கு மேல் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அவன் என்னை மரியாதையாக நடத்தினான். மீன் வாங்கி வந்தால் முதல் துண்டை என் சோற்றுக் கோப்பையில்தான் வைப்பான். இரவில் மேலே அவர்கள் சிரிப்பது கேட்கும். நான் வானொலியைக் கொஞ்சம் கூட்டி வைப்பேன். பிறகு ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வத்தளைக் கதை வந்தது.

"அண்ணை, வத்தளையில ஒரு பிளற் பாத்தனாங்கள்," என்றான் அவன். "சின்னதுதான். ஆனா வெளிச்சம். பாலம் தாண்டினால் அவ்வளவுதான், பக்கத்திலதான்."

"இஞ்ச என்ன குறை?"

அவன் சுதர்சினியைப் பார்த்தான். அவள்தான் பதில் சொன்னாள்.

"குறை ஒண்டும் இல்லை அண்ணா. எங்களுக்கெண்டு ஒரு வீடு வேணும். அவ்வளவுதான்."

"கடை?"

"ஆரையாவது போடுங்கோ. நான் ஞாயிற்றுக்கிழமையில வருவன்."

நான் சரி என்றேன். அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். நான் இன்னொருமுறை சரி என்றேன், கறியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். அவள் எழும்பி வந்து என் தோளில் கை வைத்தாள். அவள் கை அங்கே இருக்கும்போதே எனக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. கோபத்தில் செய்தேன் என்று பொலிஸ் எழுதியிருக்கிறது. தயவுசெய்து அதைத் திருத்துங்கள். நான் கோபப்படவே இல்லை. அவள் ஒரு பிழையான முடிவு எடுத்திருந்தாள். அவளுடைய பிழைகளைச் சரிப்படுத்துவது சின்ன வயதிலிருந்தே என் பொறுப்பு.

அடுத்த நாள் கொன்ஸ்ரன்ரைனிடம், நீங்கள் போகமுதல் கொரோலாவுக்கு இன்னொருமுறை போத்தல் ஊற்றித் தருவீங்களோ என்று கேட்டேன். அவனுக்குச் சந்தோஷம். "பாத்தீங்களே அண்ணை, உங்களையே மாத்திட்டன்" என்றான். வருகிற போயா லீவு நாளில் செய்வோம், கடை பூட்டுத்தானே என்றேன்.

போயா நாள் மத்தியானம் சாப்பிட்ட பிறகு தொடங்கினோம். சுதர்சினி மேலே பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். தெரு அமைதியாக இருந்தது. அவன் பழைய சாரமும் பெனியனும் போட்டுக்கொண்டு வந்தான். எஞ்சினைச் சூடாக்கி, போத்தலை ஊற்றி, ஓடவிட்டோம். காத்திருக்கும் நேரத்தில் அவன் அந்தப் பிளற்றைப் பற்றிக் கதைத்தான். பல்கனியில் நின்றால் தூரத்தில் கடல் தெரியும் என்றான். உங்களுக்கும் ஒரு கட்டில் போட்டு வைப்போம் என்றான். பிறகு எஞ்சினை நிப்பாட்டினான். ஜாக்கை வைத்து முன்பக்கத்தைத் தூக்கினோம். பிரேக்கும் ஒருக்கால் பார்ப்போமே என்று நான் சொன்னதால் முன் சில்லுகள் இரண்டையும் கழற்றினோம்.

"அண்ணை, ஸ்டாண்ட் இரண்டையும் தாங்கோ. ஜாக்கை நம்பிக் கீழ போகேலாது."

"பலீல் நானா வாங்கிக்கொண்டு போனவர், இன்னும் திருப்பித் தரேல்லை," என்றேன். பலீல் எங்கள் தெருவில் கராஜ் வைத்திருப்பவர். அவர் ஒன்றும் வாங்கிக்கொண்டு போகவில்லை. ஸ்டாண்ட் இரண்டும் கடையின் பின்னறையில் கோணிச் சாக்கின் கீழ் இருந்தன.

அவன் கொஞ்சம் யோசித்தான். "சூடு ஆறினால் கசடு திரும்ப அடியில இருந்திடும்," என்று தனக்கே சொல்லிக்கொண்டான். பிறகு மட்டையை விரித்து மல்லாக்கப் படுத்து உள்ளே போனான். நெஞ்சு வரைக்கும் உள்ளே. நட்டைக் கழற்றினான். ஒயில் தட்டில் விழுகிற சத்தம் கேட்டது. நான் ஜாக்கின் பிடியைப் பிடித்துத் திருப்பினேன்.

கார் விழவில்லை. இறங்கியது. அந்த ஜாக் அப்படித்தான், ஆறுதலாக இறங்கும். அவனுக்கு என்ன நடக்கிறது என்று புரிய நேரம் இருந்தது, வெளியே வர இருக்கவில்லை. எஞ்சினின் அடிப்பாகம் அவனுடைய நெஞ்சில் இருந்தது. தட்டு நசுங்கி, கொதிக்கிற ஒயில் அவனுடைய கழுத்திலும் முகத்திலும் போனது. முதலில் அவன் கத்தவில்லை. கத்துவதற்கு உள்ளே காற்று இருக்கவில்லை. விலா எலும்புகள் உடைகிற சத்தம் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கால்கள் மட்டும் மட்டையில் உரசிக்கொண்டிருந்தன.

"அண்ணை. ஜாக் இறங்கிட்டுது."

"ஓம்," என்றேன்.

"தூக்குங்கோ."

தூக்கினேன். கார் கொஞ்சம் எழும்பியதும் அவன் ஒரு மூச்சு இழுத்தான். யேசுவே என்றான். எனக்கு நன்றி சொன்ன மாதிரியும் இருந்தது. கைகளை ஊன்றி வெளியே நகரப் பார்த்தான். முதல் தடவை போதாது என்பது எனக்குத் தெரிந்தது. நன்றாக உயர்த்தி, பிடியை முழுவதும் திருப்பிவிட்டேன். இந்த முறை விழுந்தது.

அதற்குப் பிறகும் அவன் உயிரோடு இருந்தான். உடம்பு பலமானவன். எல்லாம் அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனால் அவன் சுதா என்று கூப்பிடத் தொடங்கினான். அதுதான் பிழையாகிப்போனது. சத்தம் பெரிதில்லை, ஆனாலும் மேலே யன்னல் திறந்திருந்தது. அவனுடைய அந்த நிலைமையை அவள் பார்க்கக் கூடாது என்று எனக்கு இருந்தது. அவள் சின்ன வயதிலிருந்தே இரத்தம் பார்த்தால் மயங்குவாள். திறப்பு காரிலேயே இருந்தது. நான் கதவைத் திறந்து ஆசனத்தில் ஏறி இருந்தேன். ஸ்டார்ட் செய்து அக்சிலேட்டரை மிதித்தேன்.

உள்ளே ஒரு சொட்டு ஒயில் இல்லை. கொஞ்ச நேரம் சும்மா கத்தியது, பிறகு தட்டத் தொடங்கியது, பிறகு உள்ளுக்குள் யாரோ சம்மட்டியால் அடிக்கிற மாதிரி. முழுக் காரும் குலுங்கியது. அந்தக் குலுக்கம் எல்லாம் அவன் மேல்தான் போனது என்பது எனக்குத் தெரியும். நான் காலை எடுக்கவில்லை. கடைசியில் ஒரு முறிகிற சத்தத்தோடு எஞ்சின் இறுகி நின்றது. அப்போது கீழேயும் சத்தம் இல்லை. இறங்கிப் போய், உதவி உதவி என்று தெருவுக்குக் கேட்கக் கூப்பிட்டேன்.

சீனியம்மா ஓடி வந்தா, பலீல் ஆட்களோடு வந்தார். நாலைந்து பேர் சேர்ந்து காரைத் தூக்கினார்கள். சுதர்சினி படியின் கடைசிக் கட்டில் நின்றாள். அவள் மயங்கவில்லை. அவனுடைய முகத்தைப் பார்த்தாள், பிறகு பொனற்றைப் பார்த்தாள். பொனற்றை ஏன் பார்க்கிறாள் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

மரண விசாரணை அதிகாரி வந்தார். ஜாக் நழுவிவிட்டது, நான் உள்ளே பில்டர் எடுக்கப் போயிருந்தேன் என்றேன். வயதான கார், வயதான ஜாக், போயா நாள். விபத்து என்று எழுதி, உடலை இரண்டாம் நாள் தந்தார்கள். மாதம்பிட்டி மயானத்தில் அடக்கம் செய்தோம். மட்டக்குளியிலிருந்து வந்த அவனுடைய ஆட்கள் எல்லோருக்கும் நான்தான் தேத்தண்ணி கொடுக்க ஒழுங்கு செய்தேன். அவனுடைய அண்ணன் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன். அவன் நல்ல மனிதன் என்று எல்லோருக்கும் சொன்னேன். அது உண்மை. அவன் நல்ல மனிதன்தான்.

பிறகு வீடு பழைய மாதிரி ஆனது. சுதர்சினி கட்டிய பெட்டிகளை நான் ஒவ்வொன்றாக அவிழ்த்து, சாமான்களை இருந்த இடத்திலேயே வைத்தேன். அவள் கல்லாவுக்கு வரவில்லை, ஆனால் சமைத்தாள். எனக்குக் கோப்பை போட்டு வைத்துவிட்டு மேலே போய்விடுவாள். நான் கதைத்தால் தலையை ஆட்டுவாள். துக்கம் மெல்ல மெல்லத்தான் போகும் என்று நான் பொறுமையாக இருந்தேன். இரவில் மேலே ஒரு சத்தமும் இல்லை. நான் வானொலியைப் போடவில்லை. அந்த நாட்கள் எனக்கு நல்லாயிருந்தன என்று சொன்னால் நீங்கள் பிழையாக நினைக்கக் கூடாது.

முப்பத்தோராம் நாள் கோயிலில் பூசை. காலையில் வெள்ளைச் சேலை உடுத்துக்கொண்டு கீழே வந்தாள். நான் சாப்பாட்டு மேசையில் இருந்தேன். எனக்கு முன்னால் வந்து நின்று, நேரே கேட்டாள்.

"அண்ணா, எஞ்சினை ஏன் திரும்ப ஸ்டார்ட் பண்ணினீங்கள்?"

"என்ன?"

"அவர் நிப்பாட்டினது எனக்குக் கேட்டது. நட்டுக் கழட்டினால் பிறகு ஸ்டார்ட் பண்ணக் கூடாது. அவருக்கு அது தெரியும். உங்களுக்கும் தெரியும். அவர் என்னைக் கூப்பிட்டவர். அதுக்குப் பிறகுதான் எஞ்சின் ஸ்டார்ட் பண்ணினது. நான் பாத்ரூமில நிண்டு கேட்டனான். நீங்கள் பில்டர் எடுக்கப் போனதெண்டால் ஸ்டார்ட் பண்ணினது ஆர்?"

இத்தனை நாளும் அதை மனதில் வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள். அதை நினைத்தபோது எனக்கு ஒரு மாதிரி இருந்தது. பதற்றத்தில் கை பட்டிருக்கும் என்றேன்.

"பலீல் நானா பொனற்றைத் திறந்து பாத்தவர். எஞ்சின் முழுக்க இறுகிப்போயிருக்காம். கை பட்டால் அப்பிடி இறுகாதாம். கன நேரம் மிதிச்சிருக்கோணுமாம். நீங்கள் இவருக்குச் சொன்னது எனக்கு மேல கேட்டது, அதால ஸ்டாண்டைப் பற்றியும் கேட்டனான். தான் எடுக்கேல்லையாம்." அவளுடைய குரல் உயர்ந்துகொண்டு போனது. "நீங்கள் மேல இருந்து மிதிச்சுக்கொண்டு இருந்தனீங்கள். அவர் கீழ கிடக்க."

இப்போது நான் வந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். ஜாக் விஷயத்தை நான் மறுக்கவில்லை. சொன்னபடி எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்து வைக்கிறேன். கழுத்து விஷயம்தான் பிழையாக எழுதப்பட்டிருக்கிறது. தங்கச்சியைக் கொல்லப் பார்த்தேன் என்று இரண்டாவது குற்றமாகப் போட்டிருக்கிறார்கள். அப்படி ஒன்று நடக்கவே இல்லை. அவள் கத்திக்கொண்டிருந்தாள், முன் கதவு திறந்திருந்தது, தெருவில் ஆட்கள். அவளை அமைதிப்படுத்த வேண்டியிருந்தது. முதலில் வாயைத்தான் பொத்தினேன். கையைக் கடித்தாள். அதற்குப் பிறகுதான் கழுத்தைப் பிடித்தேன். சின்ன வயதில் காய்ச்சலில் பிதற்றும்போதும் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன், கொஞ்சத்தில் அடங்கிவிடுவாள். இந்த முறை அவள் கால்களால் உதைத்துக்கொண்டே இருந்தாள். கதிரை விழுந்தது. நான் அவளைத் தரையில் படுக்க வைத்து, முழங்காலால் கையை அமத்திப் பிடித்தேன். அந்தக் கை உடைந்தது என் பாரத்தால், வேணுமென்று இல்லை. அவளுடைய முகம் நிறம் மாறியதை நான் பார்த்தேன். அடங்கி வருகிறாள் என்றுதான் நினைத்தேன். எல்லாம் சரி, எல்லாம் சரி என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

பூசைக்குக் கூட்டிப்போக வந்த சீனியம்மா கதவடியில் நின்று அலறியதால்தான் இவ்வளவு பெரிதாகிவிட்டது. அந்த வயதான மனுஷி இடியப்ப உரலால் என் தலையில் அடித்தா. தையல் போட்ட இடம் இன்னும் இருக்கிறது. அவவில் எனக்குக் கோபம் இல்லை. அவ பார்த்ததை வைத்து அவ நினைத்திருப்பா. வைத்திய அறிக்கையில் கழுத்தில் விரல் அடையாளம் என்று இருக்கிறதாம். அது பிடித்த அடையாளம், நெரித்த அடையாளம் இல்லை. இரண்டுக்கும் சிங்களத்தில் வேறு வேறு சொல் இருக்கிறது. சரியானதைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அவளிடமே கேட்டால் அவளும் இதைத்தான் சொல்வாள். அவளைப் பற்றி எனக்குத் தெரியாதா. ரிமாண்டில் ஆட்கள் பார்க்க வருகிற ஒவ்வொரு நாளும் பெயர் கூப்பிடும்போது எழும்பி நிற்கிறேன், அவள் இதுவரைக்கும் வரவில்லை. அதற்கு வேறு காரணம் ஒன்றும் இல்லை. இப்போது அவள் அந்த வத்தளை வீட்டுக்குத்தான் போய்விட்டாளாம். உடைந்த கையோடு அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வர வேண்டும். அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றுதானே நான் இவ்வளவையும் செய்தேன்.